எலும்பைக் கூடவைக்கும் புரதம்

1965ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸில் மார்ஷல் யூரிஸ்ட் என்னும் எலும்பு மருத்துவர், அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்புச் சத்தை நீக்கிய எலும்புத் துண்டுகளை விலங்குகளின் தசைக்குள் வைத்தபோது, எலும்புக்கு இடமே இல்லாத அந்தச் சதைக்குள் புதிய எலும்பு உருவாவதைக் கண்டார். அதற்குக் காரணமான புரதங்களே பிஎம்பி (போன் மார்போஜெனிடிக் புரோட்டீன், அதாவது எலும்பை உருவாக்கும் புரதம்) எனப்படுகின்றன. தசையில் சும்மா கிடக்கும் மூல செல்களை எலும்பு செல்களாக மாறும்படி தூண்டுவது இவற்றின் வேலை.

1988இல் இவற்றின் மரபணுக்கள் பிரித்தறியப்பட்ட பிறகு, அவற்றுள் ஒன்றான பிஎம்பி-2 ஆய்வகத்தில் தயாரிக்கப்பட்டு மருந்தாக வந்தது. பொடியாக வரும் புரதத்தைத் தண்ணீரில் கரைத்து, கொலாஜன் என்னும் புரதத்தால் ஆன பஞ்சில் ஊற்றி, அது பஞ்சோடு பிடித்துக்கொள்ளக் கால் மணி நேரமாவது காத்திருந்து, அதன் பிறகே முறிவின் மீது வைக்கிறார்கள். அமெரிக்காவில் 2002இல் முதுகெலும்புக் கணுக்களை ஒன்றோடொன்று இணைக்கும் அறுவை சிகிச்சைக்கும், 2004இல் தோல் கிழிந்து முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு முறிந்த காயத்துக்கும் அனுமதி கிடைத்தது. இடுப்பெலும்பிலிருந்து துண்டு வெட்டியெடுத்து ஒட்டும் பழைய முறையில், வெட்டிய இடத்து வலி பலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். அதிலிருந்து நோயாளியை விடுவிப்பதையே இதன் பெரிய நன்மையாக நான் கருதுகிறேன்.

ஆனால் அளவு மிக முக்கியம். உடலில் இயற்கையாக நானோகிராம் கணக்கில் இருக்கும் ஒன்றை மில்லிகிராம் கணக்கில் வைக்கிறோம். கழுத்து முதுகெலும்பில் பயன்படுத்தியபோது வீக்கம் மூச்சுக்குழாயை அழுத்தியதால், 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. எனவே, உங்கள் வீட்டில் யாருக்காவது மருத்துவர் இதைப் பரிந்துரைத்தால், எந்த எலும்பில், எவ்வளவு, ஏன் என்று தயங்காமல் கேளுங்கள்.