பார்க்கலாம் டீச்சர்

"சார், உங்களுக்கு என்ன பாடம்?" என்று அந்த டீச்சர் கேட்டபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

2024 ஏப்ரல் 18, வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் மாலை. பொள்ளாச்சியிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்த மண்டல வாகனம், வால்பாறையில் ஓர் எஸ்டேட் பள்ளி வாசலில் பெட்டிகளோடு, தேர்தல் பணிக்கு வந்த எங்களை இறக்கிவிட்டுப் போயிருந்தது. கோவையில் அந்த ஏப்ரல் எப்படிக் கொதித்தது என்று சொல்லவே வேண்டாம். இங்கே ஐந்து மணிக்கே சட்டைக்குள் குளிர் நுழைந்தது. வழியில் ஒன்பதாவது வளைவில் வரையாடு ஒன்று சாலையோரச் சுவரில் நின்று எங்களைப் பார்த்தது. அப்போதிருந்தே நான் என் வசத்தில் இல்லை.

தலைமையாசிரியரும் மற்றவர்களும் வேறு சாவடிகளுக்குப் போய்விட்டார்கள். கைக்குழந்தைக்காரர் என்பதால் விலக்குப் பெற்றிருந்த இந்த டீச்சர்தான் சாவியையும் பிளாஸ்க்கில் தேநீரையும் கொண்டுவந்தார். எதிரே தேயிலைச் சரிவு, அதன் மேல் மெல்ல இறங்கும் மேகம். நான் சொன்னேன்: "இங்கே வேலை பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் டீச்சர். எனக்கு மட்டும் கிடைத்தால் மறுநாளே பெட்டியைக் கட்டிவிடுவேன்."

அப்போதுதான் பாடம் என்ன என்று கேட்டார். கணிதம் என்றேன்.

"நானும் கணிதம்தான் சார். பட்டதாரி ஆசிரியர்தானே நீங்களும்?" குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "மனமொத்த மாறுதல் போடலாமா சார்?"

இரண்டு ஆசிரியர்கள் சம்மதித்து ஒருவர் இடத்துக்கு மற்றவர் போவதுதான் மனமொத்த மாறுதல். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கணவருக்குக் கோவையில் வேலை, சனிக்கிழமை இரவு வந்து திங்கள் விடியலில் இறங்கிவிடுவார் என்றார். பள்ளிக்குப் போகும் வழியில் யானை நடமாட்டத்துக்கான சிவப்பு விளக்கு எரிந்தால் நின்றுவிட வேண்டுமாம். இருட்டிய பிறகு குழந்தையை வாசலில் விட முடியாது, சிறுத்தை பயம் என்றார். குறை சொல்வது போல அல்ல, வீடு மாற்றுகிறவருக்குத் தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

"பார்க்கலாம் டீச்சர்" என்றேன்.

இந்த ஒரு சொல்லைத்தான் இத்தனை மாதமாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஆசிரியர் அறையில் 'பார்க்கலாம்' என்றால் முடியாது என்று அர்த்தம். சீட்டுக்கு ஆள் சேர்க்கிறவரிடமும் காப்பீட்டு முகவரிடமும் அதைத்தான் சொல்வோம், அவர்களும் புரிந்துகொண்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் மறுநாளே பெட்டியைக் கட்டுவேன் என்று ஐந்து நிமிடத்துக்கு முன்னால் சொன்ன ஆள் 'பார்க்கலாம்' என்றால்? அவர் என் கைப்பேசி எண்ணைக் கேட்டார். கொடுத்தேன். தவறான எண்ணையாவது கொடுத்திருக்கலாம் என்று பிற்பாடு நினைத்திருக்கிறேன். அது இதைவிட யோக்கியமான காரியமா என்று தெரியவில்லை.

நான் பொய் சொல்லவில்லை என்பதை மட்டும் இங்கே எழுதியாக வேண்டும். அந்த இரவு வகுப்பறை பெஞ்சுகளை ஒட்டிப்போட்டுப் படுத்திருந்தபோது வாடகைக்கு ஒரு வீடு பார்த்துவிட்டேன், மனத்துக்குள்தான். அம்மா வெயிலில் உட்கார ஒரு திண்ணை. அந்தச் சிவப்பு விளக்குக்கூட எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. யானைக்கு வழிவிட்டு நிற்கும் ஊர்!

காலை ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவு. அதன் பிறகு அன்று முழுவதும் வரிசையில் வந்தவர்களில் பாதிப் பேர் திருப்பூரிலிருந்தும் கோவையிலிருந்தும் ஓட்டுப் போடுவதற்காக மட்டும் மலை ஏறியவர்கள். 2001 கணக்கெடுப்பில் 95,000 அளவில் இருந்த ஊர், 2011இல் 71,000 அளவுக்கு இறங்கிவிட்டது என்று பின்னால் படித்தேன். எல்லோரும் இறங்கும் மலையில் ஏற ஆசைப்பட்டவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. டீச்சரும் குழந்தையோடு வந்து விரலில் மை வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, ஏற்கெனவே பேசி முடித்த ஒரு விஷயத்துக்குச் சிரிப்பது போலச் சிரித்தார்.

மாறுதல் கலந்தாய்வு அறிவிப்பு வந்த வாரம் அவரிடமிருந்து செய்தி வந்தது. "சார், நம் விஷயம் என்ன முடிவு செய்தீர்கள்?" நம் விஷயம்! இரண்டு நாள் பதில் போடவில்லை. விதிமுறைகளை எடுத்து வரி வரியாகப் படித்தேன். என்னைத் தடுக்கும் நிபந்தனை ஒன்றாவது இருக்காதா என்று தேடினேன். இல்லை. மூன்றாம் நாள், அம்மாவுக்கு மூட்டுவலி, சர்க்கரை, மருத்துவமனை பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எழுதினேன். எல்லாம் உண்மை. மகள் பிளஸ் ஒன் சேர்கிறாள், மனைவிக்கு வங்கி வேலை, அவையும் உண்மை. இவை அனைத்தும் ஏப்ரல் 18 மாலையிலும் உண்மையாகத்தான் இருந்தன.

"பரவாயில்லை சார். அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது. திட்டியிருந்தால் நானும் திருப்பி நாலு வார்த்தை சொல்லி மறந்திருப்பேன்.

திண்ணையில் தேநீரோடு பேசியதற்கெல்லாம் கணக்குக் கேட்டால் யார்தான் வாய் திறப்பது என்று என் மனைவி சொல்கிறாள். அவள் சொல்வது சரிதான். வால்பாறைக்குப் போவது பற்றி அவளிடம் நான் ஒருமுறைகூடப் பேசவில்லை என்பதும் சரிதான்.

அதன் பிறகு எந்த ஊரையும் அந்த ஊர்க்காரர்கள் எதிரில் புகழ்வதில்லை என்று முடிவு செய்தேன். டிசம்பரில் ஏற்காடு போனபோது ஒரு டீக்கடைக்காரரிடம் அதே வசனத்தை வரி மாறாமல் சொல்லிவிட்டேன். டீக்கடைக்காரர் மனமொத்த மாறுதல் கேட்க முடியாது அல்லவா.

டீச்சரின் எண் இன்னும் என்னிடம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அவர் படம் மாறும்போதெல்லாம், குழந்தை வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பு, பின்னால் தேயிலை தெரிகிறதா என்றுதான் பார்க்கிறேன். போன வாரம் மாற்றிய படத்தில் குழந்தை யார் கையையும் பிடிக்காமல் நிற்கிறது. பின்னால் வெறும் மஞ்சள் சுவர். எந்த ஊர்ச் சுவர் என்று பெரிதாக்கிப் பார்த்தும் தெரியவில்லை.