கனேடியன் பசிபிக் பழைய படங்களுக்கு வருடம் கண்டுபிடிக்கும் வேலை: இதுவரை நடந்தது

பழைய தபால் அட்டை சேர்ப்பவர்களுக்குத் தெரியும், பின்பக்கத்து அஞ்சல் முத்திரையை வைத்துப் படத்தின் வயதைச் சொல்லிவிட முடியாது. 1912 என்று முத்திரை இருந்தால் படம் அதற்கு முன்னால் எடுத்தது, அவ்வளவுதான். எத்தனை வருடம் முன்னால்? விற்கிற வரைக்கும் அதே படத்தைத் திரும்பத் திரும்ப அச்சடித்தவர்கள் உண்டு.

இப்போது நான் உட்கார்ந்திருப்பது கனடாவின் குறுக்கே பசிபிக் கரை வரை பாதை போட்ட கனேடியன் பசிபிக் ரயில்வே நிறுவனத்தின் படங்களோடு. ரயில் மட்டும் இல்லை, அந்த நிறுவனமே நடத்திய மலை ஹோட்டல்கள், கப்பல்கள் எல்லாம் சேர்ந்த கட்டு. கொஞ்சம் டொராண்டோவில் பழம்பொருள் சந்தைகளில் வாங்கிய அட்டைகள். மீதி, வான்கூவர் நகர ஆவணக் காப்பகமும் மாண்ட்ரியலின் மக்கோர்ட் ஸ்டூவர்ட் அருங்காட்சியகமும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் இணையத்தில் போட்டிருக்கும் படங்கள். எல்லாவற்றையும் வருட வரிசையில் அடுக்குவதுதான் திட்டம்.

முதலில் ஒரு அட்டவணை போட்டேன். படங்களைப் பற்றி அல்ல, நிறுவனத்தைப் பற்றி. எந்தக் கட்டடம் எப்போது எழுந்தது, எது எரிந்தது, எந்தச் சுரங்கம் எப்போது திறந்தது, எந்தக் கப்பல் எப்போது மூழ்கியது. படத்தில் தெரிவதை இந்த அட்டவணையோடு பொருத்திப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

இவ்வளவு படங்கள் ஏன் இருக்கின்றன என்பதற்கும் காரணம் இருக்கிறது. பாதை போட்ட பிறகு அதில் ஏற ஆள் வேண்டும். பிரெய்ரி சமவெளியில் அப்போது ஊர்களே குறைவு. மலைப் பகுதியில் இன்னும் மோசம். நிறுவனத்தை நடத்திய வில்லியம் வான் ஹார்ன் இயற்கைக் காட்சியையே சரக்காக ஆக்கினார். மாண்ட்ரியல் நோட்மன் ஸ்டுடியோக்காரர்களுக்குத் தனி ரயில் பெட்டியே கொடுத்து மலைக்கு அனுப்பினார்கள். 1892இல் அலெக்சாண்டர் ஹெண்டர்சன் தலைமையில் நிறுவனத்துக்குச் சொந்தப் புகைப்படப் பிரிவும் வந்தது. ஆக, நாம் பார்க்கிற பெரும்பாலான படங்கள் விளம்பரத்துக்கு எடுத்தவை. இதை மறக்காமல் பார்க்க வேண்டும்.

எல்லோருக்கும் தெரிந்த படம், 1885 நவம்பர் 7 அன்று கிரெய்கெல்லாச்சியில், பாதை முழுதாக இணைந்ததற்கு அடையாளமாகக் கடைசி ஆணி அடிக்கும் படம். எடுத்தவர் அலெக்சாண்டர் ராஸ். நிறுவன இயக்குநர் டொனால்ட் ஸ்மித் குனிந்து சுத்தியலை ஓங்குகிறார், பின்னால் வெள்ளைத் தாடியோடு பொறியாளர் சாண்ட்ஃபோர்ட் ஃபிளெமிங். பிரிட்டிஷ் கொலம்பியா பகுதியில் பாறை உடைத்தும் வெடி வைத்தும் பாதை போட்ட சீனத் தொழிலாளர்கள் சுமார் 15,000 பேர். அந்தப் படத்தில் ஒருவர்கூட இல்லை. அதே வருடம்தான் சீனர்கள் கனடாவுக்குள் நுழைய ஆளுக்கு 50 டாலர் தலைவரி வந்தது. வருடம் போட இந்தப் படத்துக்கு என் உதவி தேவையில்லை, அதனால் வேகமாகத் தாண்டிவிட்டேன்.

அதிக நேரம் பிடித்தது கிளேஷியர் ஹவுஸ். எனக்கு மிகவும் பிடித்துப்போனதும் அதுதான். பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில் ரோஜர்ஸ் கணவாய்க்குப் பக்கத்தில், ரயில் பாதையை ஒட்டியே நின்ற மர ஹோட்டல். அது அங்கே வந்ததே சாப்பாட்டுக்காகத்தான். ஏற்றம் கடுமை, கனமான சாப்பாட்டுப் பெட்டியையும் சேர்த்து இழுப்பது எஞ்சினுக்குப் பெரும் பாரம். அதனால் அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு வழியில் நிறுத்திச் சோறு போட 1886இல் இடம் ஏற்படுத்தினார்கள். ஃபீல்ட் என்ற ஊரில் மவுண்ட் ஸ்டீபன் ஹவுஸ் வந்ததும் இதே கணக்கில்தான். கிளேஷியர் ஹவுஸிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் இல்லிசில்லிவெட் பனியாறு இருந்ததால், சாப்பிட இறங்கியவர்கள் தங்கவும் ஆரம்பித்தார்கள். 1899இல் சுவிட்சர்லாந்திலிருந்து மலையேற்ற வழிகாட்டிகளைக் கூட்டி வந்தது நிறுவனம்.

இங்கே வருடம் கண்டுபிடிக்க நல்ல பிடி ஒன்று இருக்கிறது. பனிச்சரிவு அந்தக் கணவாயின் தீராத தலைவலி. 1910 மார்ச்சில் ஒரே சரிவில் பாதையைச் சுத்தம் செய்துகொண்டிருந்த 58 பேர் செத்தார்கள். பிறகு மலையைக் குடைந்து கன்னாட் சுரங்கம் போட்டார்கள், 1916இல் திறந்தது. அதோடு பாதை ஹோட்டலை விட்டு விலகிப் போனது. ஆகவே ஹோட்டல் வாசலில் ரயில் நிற்கிறதா, படம் 1916க்கு முந்தையது. ஹோட்டல் 1925இல் மூடப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது.

இன்னொரு பிடி, பனியாறே. பிலடெல்பியாவின் வாக்ஸ் குடும்பத்தினர் 1887இல் அதைப் படம் எடுத்தார்கள். 1894இல் திரும்ப வந்தபோது பனியாறு பின்வாங்கியிருப்பது கண்ணுக்கே தெரிந்தது. அப்புறம் கோடையில் வரும்போதெல்லாம் அளக்கவும் படம் எடுக்கவும் செய்தார்கள். அவர்கள் படங்களை வரிசையாக வைத்து, பக்கத்தில் தேதி இல்லாத அட்டையை வைத்தால் பனியின் நுனி எந்தப் பாறை வரை வந்திருக்கிறது என்று ஒப்பிடலாம். பாதையில் ஏற ஆள் பிடிக்க ஆரம்பித்த சுற்றுலாவின் புண்ணியத்தில், பனியாறு உருகும் கதைக்கு இவ்வளவு நீண்ட பட ஆதாரம் கிடைத்திருக்கிறது. நிறுவனம் இதை எதிர்பார்த்திருக்காது.

பான்ஃப் ஸ்பிரிங்ஸ் ஹோட்டல் சுலபம். 1888இல் கட்டடக் கலைஞர் புரூஸ் பிரைஸ் வரைபடத்தில் எழுந்தது மரக் கட்டடம். 1914இல் நடுவில் கல் கோபுரம் வந்தது, இரண்டு பக்கமும் மரச் சிறகுகள் அப்படியே இருந்தன. 1926இல் தீ. 1928க்குள் இன்றைய உருவம். மரம் மட்டும், மரமும் கல்லும், கல் மட்டும் என்று மூன்றே அடுக்கு, கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கலாம். கட்டும்போது திசை மாறிப்போய், சமையலறைக்கு அருமையான காட்சியும் விருந்தினர் அறைக்குக் காடும் கிடைத்ததாக ஒரு கதை சொல்வார்கள். கியூபெக்கின் ஷாட்டோ ஃபிரான்டெனாக் இன்னும் சுலபம்: நடுக்கோபுரம் 1924இல் முடிந்தது, அது இல்லையென்றால் படம் அதற்கு முன்.

ஒரு எச்சரிக்கை. பழைய வண்ண அட்டைகளில் நிறத்தை நம்பக் கூடாது. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அச்சகத்தில் உட்கார்ந்து நிறம் போட்டவர் கனடாவைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. கூரை ஒரு அட்டையில் சிவப்பு, இன்னொன்றில் பச்சை. வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கப்பல்களுக்கு வந்தால், பெயர்களே குழப்பம். 1891இல் பசிபிக்கில் ஓட மூன்று கப்பல்கள்: எம்ப்ரஸ் ஆஃப் இந்தியா, எம்ப்ரஸ் ஆஃப் ஜப்பான், எம்ப்ரஸ் ஆஃப் சைனா. வெள்ளை உடல், இரண்டு புகைபோக்கி, மூன்று பாய்மரம், கத்தி முனை போன்ற முன்பக்கம். வான்கூவரிலிருந்து ஹாங்காங் வரை தபாலும் பயணிகளும், திரும்பும்போது பட்டும் தேயிலையும். பிறகு 1930இல் அதே பெயரில் இன்னொரு எம்ப்ரஸ் ஆஃப் ஜப்பான் வந்தது. அதற்குப் புகைபோக்கி மூன்று, அதனால் எண்ணினால் போதும். புகைபோக்கியில் சிவப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாக இருந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய படம். எம்ப்ரஸ் ஆஃப் சைனா 1911இல் ஜப்பான் கரையருகே பாறையில் மோதிப் போய்விட்டது. எம்ப்ரஸ் ஆஃப் அயர்லாந்து படங்கள் எல்லாமே 1906க்கும் 1914க்கும் நடுவில்தான்; 1914 மே 29 அதிகாலை செயின்ட் லாரன்ஸ் ஆற்றுப் பனிமூட்டத்தில் நார்வே நிலக்கரிக் கப்பல் மோதி, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது.

எம்ப்ரஸ் ஆஃப் இந்தியாவின் பின்கதை நம்ம பக்கம் வருகிறது. 1914இல் குவாலியர் மகாராஜா வாங்கி, போர்க்கால மருத்துவக் கப்பலாக்கி, லாயல்டி என்று பெயர் மாற்றினார். போர் முடிந்ததும் சிந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி வாங்கியது. 1919 ஏப்ரல் 5 அன்று பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது அந்தக் கப்பல்தான். இந்தியர்களுக்குச் சொந்தமான முதல் பெரிய நீராவிக் கப்பலின் சர்வதேசப் பயணம் என்று அதைச் சொல்வார்கள்; இந்தியாவில் ஏப்ரல் 5 தேசியக் கடல்சார் தினமாக இருப்பது அதனால்தான். இதைப் படிக்கிற தூத்துக்குடிக்காரர், 1906லேயே வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கவில்லையா என்று கேட்பார். நியாயமான கேள்வி. எப்படியும், லாயல்டி என்ற பெயரோடு ஒரு படம் தேடிக்கொண்டிருக்கிறேன். எம்ப்ரஸ் காலத்து அட்டைகள் எத்தனையோ கிடைக்கின்றன, இது மட்டும் கைக்கு வரவில்லை.

ஸ்கேன் செய்வது பற்றியும் சொல்ல வேண்டும். அச்சடித்த அட்டையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் புள்ளிகள் தெரியும்; குறைந்த அளவில் ஸ்கேன் செய்தால் அந்தப் புள்ளிகள் அலை அலையாகப் படத்தைக் கெடுக்கும். 1200 டிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு 1200 புள்ளி) எடுத்துப் பிறகு சிறிதாக்கினால் சரியாகிவிடுகிறது. பான்ஃப்பில் இருந்த புகைப்படக்காரர் பைரன் ஹார்மன் விற்றது போன்ற நிஜப் புகைப்பட அட்டைகளில் புள்ளி இருக்காது, 600 போதும். அவற்றின் பின்பக்கம் தபால்தலை ஒட்டும் கட்டத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். அசோ (AZO) என்ற புகைப்படத் தாளின் பெயரைச் சுற்றி நான்கு முக்கோணமும் மேல்நோக்கி இருந்தால் அந்தத் தாள் ஏறக்குறைய 1904க்கும் 1918க்கும் இடைப்பட்டது என்பது சேகரிப்பவர்கள் கணக்கு.

அடுத்தது, வட அமெரிக்கப் பேரேரிகளில் இதே நிறுவனம் ஓட்டிய ஏரிக் கப்பல்கள். கீவாட்டின், அசினிபோயா இரண்டும் 1907இல் ஸ்காட்லாந்தில் கட்டியவை. கால்வாய்களில் நுழைய முடியாத நீளம் என்பதால் கியூபெக்கில் நடுவில் இரண்டாக வெட்டி, இழுத்துக்கொண்டு போய், பஃபலோவில் திரும்ப ஒட்டினார்கள். கீவாட்டின் இப்போது கிங்ஸ்டனில் அருங்காட்சியகமாக நிற்கிறது. இரண்டும் ஒரே அச்சு. முன்பக்கத்துப் பெயர் படிக்கிற அளவுக்குத் தெரிந்தால் பிரிக்கலாம், இல்லாவிட்டால் இரண்டு பெயரையும் எழுதி ஒரே உறையில் போட வேண்டியதுதான்.