இரண்டடித் தொட்டியில் ஓட்டுக்குடி

சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் இரண்டடித் தொட்டிக்குத்தான் இடம். 54 லிட்டர். அதில் சிக்லிட் வகை மீன் வளர்க்கப் போகிறேன் என்றதும், இடம் போதாதே என்று மீன் கடைக்கார அண்ணன் சிரித்தார். அப்புறம் அவரே ஓட்டுக்குள் வாழும் டாங்கனிகா ஏரி மீன்களைக் காட்டினார். ஆப்பிரிக்காவில் அந்த ஏரித் தரையில் நியோதௌமா நத்தையின் வெற்று ஓடுகள் குவிந்து கிடக்கும். இந்தக் குட்டி மீன்களுக்கு அதுதான் வீடு.

முதலில் மனம் போனது அவற்றில் தங்க நிற ஒசெலேட்டஸ் என்ற மீன் மேல். செவுள் மூடியில் கண் போல ஒரு புள்ளி, தொட்டிக்குள் விடும் கையைக் கடிக்க வரும் திமிர். ஆனால் என் தொட்டியில் அது ஒரு ஜோடிக்கு மேல் தாங்காது. அந்த ஜோடியும் ஒத்துப்போகாவிட்டால் பெண்மீன் பாடு திண்டாட்டம். எனக்கு வேண்டியதோ ஒரு கூட்டுக்குடும்பம். அதற்கு மல்டி என்ற இன்னொரு ஓட்டுமீன்தான் சரி. உடம்பெல்லாம் மெல்லிய கோடுகள், ஆணே 4, 5 செ.மீ.தான், பெண் அதைவிடச் சிறிசு. முந்தின ஈட்டுக் குஞ்சுகள் இருக்கும்போதே அடுத்த ஈடு வளரும். சின்ன வயதில் ஆண் பெண் தெரியாது என்பதால் ஏழாக வாங்கினேன்.

ஓடு தேடியது தனிக்கதை. சீ சார் என்ற சீனச் சமையல் கடையில் கோங்கோங் என்ற கடல் நத்தையைத் தின்றுவிட்டு ஓடுகளைப் பையில் கட்டிக்கொண்டு வந்தேன். கொதிக்க வைத்தும் நாற்றம் போகவில்லை. மனைவி இரண்டு நாள் பேசவில்லை. போதாததற்கு அந்த ஓட்டின் வாய் வெறும் நீளக் கீறல், மீன் உள்ளே போனாலும் திரும்ப முடியாது. கடைசியில் எஸ்கார்கோ நத்தையின் ஓடுகள் 25 வாங்கிப் போட்டேன்.

நம் குழாய்த் தண்ணீர் இவற்றுக்குப் போதுமான கடினத்தன்மை உடையதல்ல; கிருமி கொல்லும் குளோரமின் வேறு கலந்திருக்கும். அதையும் முறிக்கும் மருந்தாகப் பார்த்து வாங்கினேன். பில்டருக்குள் ஒரு பை பவளத்தூள் வைத்ததும் பிஎச் 8ஐத் தாண்டியது. உண்மையான தலைவலி வெயில்தான். மதியம் தண்ணீர் 30 டிகிரி. மேலே சின்ன மின்விசிறி மாட்டியதும் 27க்கு வந்தது, ஆனால் தண்ணீர் ஆவியாகிக் குறைந்துகொண்டே இருக்கிறது. காலைக் காப்பிக்கு முன் ஒரு குவளை ஊற்றுவது என் வேலையாகிவிட்டது.

முதல் பத்து நாள் ஒரு மீனையும் காணோம். காசு போச்சு என்றே நினைத்தேன். பிறகு ஒரு நாள் காலையில் பார்த்தால், நான் சமமாகப் பரப்பிய மணலில் அங்கங்கே பள்ளம், சில இடங்களில் அடிக்கண்ணாடியே தெரிகிறது. வாய் வாயாக அள்ளித் துப்பியிருக்கின்றன. இத்தனூண்டு மீனுக்கு இவ்வளவு வேலையா!

போன வாரம் ஓர் ஓட்டின் வாயருகே சின்னதாக ஏதோ துள்ளியது. கொசுப்புழுவோ என்று பகீரென்றது, ஊர் அப்படி. குனிந்து பார்த்தேன், குஞ்சுகள். நான்கு வரை எண்ணினேன், அதற்குள் தாய் குறுக்கே வந்துவிட்டது. சமையலறையில் ஒரு பாட்டிலில் குஞ்சுகளின் தீனிக்காகப் பிரைன் ஷ்ரிம்ப் என்ற குட்டி உப்புநீர் உயிரியின் முட்டை பொரிந்துகொண்டிருக்கிறது. மனைவிக்கு அது இன்னும் தெரியாது.