கிணற்றடியில் ஒரு மூலிகைத் தொட்டி: பத்து மாதக் குறிப்பு

2024 யூன் மாதம், சோளகக் காற்று உரத்து வீசத் தொடங்கிய நாட்களில், என் முழங்கைகளும் கணுக்கால்களும் வழக்கம்போல வறண்டு வெள்ளை பூத்தன. இணுவிலில் எங்கள் வளவு செம்மண் தரை. காற்றோடு வரும் புழுதி உடம்பில் படிவதும், அதைக் கழுவ இரண்டு வேளை சவர்க்காரம் போட்டுக் குளிப்பதும், குளித்துச் சிறிது நேரத்தில் தோல் இழுத்துப் பிடிப்பதுமாகவே ஒவ்வோர் ஆண்டும் அந்த மாதங்கள் கழியும். கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் அக்கா கடையில் வாங்கிய குளியல் உப்புப் பொட்டலம் ஒன்றை அனுப்பியிருந்தார். அதன் பின்புறத்தை வாசித்தபோது எப்சம் உப்பு, கடலுப்பு, ஓட்ஸ் மா, உலர்ந்த இலைகள், வாசனை எண்ணெய் என்பனவே உள்ளே இருப்பது தெரிந்தது. இவற்றுள் பாதி எங்கள் வேலியிலும், மீதி யாழ்ப்பாணம் பெரிய கடையிலும் கிடைப்பவை என்பதால் நானே செய்து பார்க்கத் தீர்மானித்தேன். அன்று தொடங்கி ஒரு கொப்பியில் எழுதிவந்தவற்றைத் திரட்டி இங்கே தருகிறேன்.

முதலில் தொட்டி வேண்டியிருந்தது. எங்கள் ஊர் வீடுகளில் கிணற்றடியில் நின்று வாளியால் அள்ளி வார்ப்பதே குளிப்பு. உடம்பை ஊறவைக்கும் தொட்டி அநேகமான வீடுகளில் இல்லை. பழைய நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றை நீளவாட்டில் பாதியாக அறுப்பித்து, விளிம்பை அரத்தால் தேய்த்து மழுக்கி, மரச்சட்டத்தில் இருத்தினேன். முழங்காலை மடித்து உட்கார்ந்தால் இடுப்புக்கு மேலே நீர் நிற்க 60 லீற்றர் போதும். கிணற்று நீர் ஏறத்தாழ 28 பாகை செல்சியசில் இருப்பதால், 52 லீற்றர் கிணற்று நீரில் 8 லீற்றர் கொதிநீரைக் கலந்தால் 38 பாகைக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. இந்தக் கணக்கைக் கண்டுபிடித்த பிறகு விறகும் மிச்சம், கைவைத்துப் பார்த்துத் தடுமாறும் வேலையும் மிச்சம். நீர் இதற்கு மேல் சூடாக இருந்தால் உட்காரும்போது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையை அது கரைத்துக் கொண்டுபோய்விடும் என்பதை முதல் வாரத்திலேயே என் கால்கள் எனக்குக் காட்டிவிட்டன.

முதல் முயற்சியை முழுதாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதில் செய்த ஒவ்வொரு பிழையிலிருந்தும் ஒரு பாடம் எனக்குக் கிடைத்தது. வேப்பிலை, துளசி, செவ்வரத்தம்பூ, மஞ்சள்தூள், கல்லுப்பு, அப்பச்சோடா, நல்லெண்ணெய் ஆகிய ஏழையும் ஒன்றாக வெந்நீரில் போட்டேன். மஞ்சளாக இருக்க வேண்டிய நீர் என் கண்முன்னே செங்கல் நிறமாக மாறியது. மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற நிறப்பொருள், அமிலத்துக்கு எதிரான காரத்தைச் சந்தித்தால் சிவக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் இதனால்தான். அப்பச்சோடாவின் காரத்தன்மை அதே வேலையைத் தொட்டியில் செய்துவிட்டது. நிறம் போகட்டும், நம் தோலின் மேற்பரப்பு இயல்பாகவே இலேசான அமிலத்தன்மை உடையது. வறண்ட தோலைக் கார நீரில் ஊறவைப்பது நோக்கத்துக்கு எதிரான செயல் என்பதால் அன்றோடு அப்பச்சோடாவை நிறுத்தினேன். எண்ணெய் நீரோடு கலவாமல் மேலே மிதந்து, எழும்பும்போது தொட்டியின் அடியை வழுக்க வைத்தது. இலைகள் முதுகிலும் தொடையிலும் ஒட்டி, பின்னர் வாய்க்காலை அடைத்தன. துவாயில் பட்ட மஞ்சட்கறை பல தோய்ப்புகளுக்குப் பிறகும் போகவில்லை.

அம்மா திண்ணையில் இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னது இதுதான்: "பிள்ளை, இலையைச் சுடுதண்ணியிலை மிதக்கவிட்டால் அது குளிக்கிற தண்ணி இல்லை, குப்பைத் தண்ணி. வேது வைக்கிற மாதிரி அவிச்சு வடிச்செடு." பிள்ளை பெற்ற தாய்க்கு நொச்சி, பாவட்டை, ஆடாதோடை, ஆமணக்கு, வேம்பு ஆகியவற்றின் இலைகளைப் பெரிய கிடாரத்தில் அவித்து, அந்த நீரால் உடம்பைக் கழுவி எடுக்கும் வேதுக் குளிப்பு எங்கள் வீடுகளில் தலைமுறையாக உள்ளது. நான் பொட்டலத்தைப் பார்த்துக் கற்கத் தொடங்கியதை என் தாயார் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தம் கையால் செய்திருக்கிறார். அன்றிலிருந்து இம்முயற்சியின் பாதை மாறியது.

யூலை முழுவதும் ஒரு நேரத்தில் ஓர் இலை என்ற முறையில் பரிசோதித்தேன். நொச்சி 300 கிராம் பச்சை இலையை 8 லீற்றர் நீரில் இருபது நிமிடம் மூடி அவித்தால், நீர் கடும் தேயிலைச் சாயம்போலக் கறுத்து, மிளகும் கற்பூரமும் கலந்தாற்போன்ற மணம் எழும்புகிறது. நாள் முழுவதும் நின்று வேலை செய்த கால்களுக்கு இதைப்போல இதம் தந்த வேறோர் இலையை நான் காணவில்லை. வேப்பிலையின் கசப்பு மணம் மனத்தை இளகவைக்கும் வகையைச் சேர்ந்ததல்ல. ஆயினும் வியர்க்குரு எரிச்சலுக்கு அது இதமாக இருந்தது. அம்மை மாறியபின் தலைக்கு வார்க்கும் நீரில் வேப்பிலை போடுவதை நினைத்துக்கொண்டேன். துளசியை மாத்திரம் அவிக்கக் கூடாது. அதன் மணம் ஆவியாகப் பறந்துவிடும். அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே போட்டு மூடிவைக்க வேண்டும். வெட்டிவேர் வேறு விதம்: 20 கிராம் வேரை முதல்நாள் இரவே மண்பானை நீரில் போட்டுவைத்தால், காலையில் முதல் மழை விழுந்த மண்ணின் வாசனை பானைக்குள் நிறைந்திருக்கும். அந்த நீரைச் சூடாக்காமல் கடைசியில் சேர்ப்பது நல்லது. செவ்வரத்தம்பூ நீரைக் கொழகொழப்பாக்குவதைத் தவிர உடம்புக்கு எனக்குப் பெரிதாக எதுவும் செய்யவில்லை. அது தலைமுடிக்கே உரியது.

பிறகுதான் தண்ணீரைப் பற்றி யோசித்தேன். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது; எங்கள் கிணற்று நீர் அந்தக் கல்லிடுக்குகளில் தேங்கி வருவது. கேத்தலின் அடியில் படியும் வெண்படை அதற்குச் சாட்சி. இப்படிச் சுண்ணாம்பு கரைந்த வன்னீரிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத படிவாக மாறித் தோலில் ஒட்டுகிறது. குளித்த பின் தோல் இழுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கொழும்புக் குழாய்நீரில் அக்காவின் சவர்க்காரம் உடனே நுரைப்பதையும், அதே கட்டி இங்கு வந்தால் கையில் மெழுகுபோல ஒட்டுவதையும் முன்னர் பல தடவை கண்டும் காரணம் தேடாமல் இருந்திருக்கிறேன். நீரைக் கொதிக்க வைத்தால் வன்மையின் ஒரு பகுதி சுண்ணாம்பாகப் படிந்து பிரியும். ஆகையால் அவிக்கும் நீரை முதல்நாள் மாலையே கொதிக்க வைத்து, இரவு முழுவதும் அசையாமல் தெளியவிட்டு, மேல்நீரை மாத்திரம் இறுத்து எடுக்கத் தொடங்கினேன். தொட்டி நாட்களில் சவர்க்காரத்தையும் விட்டுவிட்டேன். இந்த இரண்டும் சேர்ந்து தந்த பலன், அதுவரை சேர்த்த எந்த இலை தந்த பலனிலும் பெரிது.

ஓகஸ்ட் மாதத்தில் நடந்ததை எல்லோரும் கவனிக்க வேண்டுகிறேன். நல்ல மணம் வேண்டுமென்று ஆறு தேசிக்காயின் தோலை நசித்துத் தொட்டியில் போட்டு, கைகளிலும் தேய்த்து ஊறிவிட்டு, வெறும் தண்ணீரால்கூடக் கழுவாமல், மத்தியான வெயிலில் முற்றத்தில் செத்தல் மிளகாய் பரப்பினேன். மறுநாள் புறங்கை எரிந்து சிவந்தது. மூன்றாம் நாள் அதே இடத்தில், தேசிச்சாறு வடிந்த கோடு மாறாமல், கபில நிறத் தழும்பு விழுந்தது. ஏதோ பூச்சி ஊர்ந்தது என்றே வீட்டில் எல்லோரும் நினைத்தோம். தேசித்தோலில் உள்ள ஃபியூரோகூமரின் என்னும் பொருள் தோலில் இருக்கும்போது சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டால் இவ்வாறு வெந்து கறுக்கும் என்பதை, தோல் கிளினிக்கில் காட்டியபோதுதான் அறிந்தேன். அந்தக் கோடு மங்க இரண்டு மாதத்துக்கு மேல் சென்றது. தேசிக்காய் தேய்த்துக் குளிப்பது நம்மிடம் பழைய வழக்கம். மாலையில் தேய்த்து நன்றாகக் கழுவினால் இந்தச் சிக்கல் வராது. ஊறும் நீரில் அதைச் சேர்ப்பதை நான் அடியோடு விட்டுவிட்டேன்.

அம்மாவின் கால்களுக்காகவும் ஒரு பேசினில் நொச்சி நீர் வைத்துக் கொடுத்துவந்தேன். அவருக்குச் சலரோகம் (நீரிழிவு) இருக்கிறது. ஒருநாள் எனக்குக் கை வைக்க முடியாத சூட்டில் அவர் காலை அமைதியாக வைத்துக்கொண்டிருந்ததைக் கண்டு நெஞ்சு திடுக்கிட்டது. சலரோகத்தால் நரம்பு மரத்த பாதம் சூட்டை உணராது. நெடுநேரம் ஊறினால் தோல் நெகிழ்ந்து வெடிக்கும், அந்த வெடிப்பு புண்ணாகும். கிளினிக் தாதியிடம் கேட்டபோது, ஊறவைப்பதை விட்டு, இளஞ்சூட்டு நீரில் கழுவி, விரலிடுக்கை ஈரம் போகத் துடைத்துவிடச் சொன்னார். அதன்பின் அவருக்கு நொச்சி நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கெண்டைக்காலைத் துடைத்துவிடுவதோடு நிறுத்திக்கொள்கிறேன். சூட்டைப் பார்ப்பதும் என் முழங்கையே.

உப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்தின் எப்சம் என்ற ஊரின் கசப்பு ஊற்றுநீரிலிருந்து முதலில் பிரித்தெடுத்ததால் மக்னீசியம் சல்பேற்றுக்கு அந்தப் பெயர். மருந்துக்கடையில் வாங்கி ஐந்து முறை போட்டுப் பார்த்தேன். தோல் வழியாக மக்னீசியம் உடம்புக்குள் சென்று தசையைத் தளர்த்தும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. எனக்கும் வெறும் வெந்நீருக்கும் அதற்கும் வேறுபாடு தெரியவில்லை. கல்லுப்போ வெடித்த தோலில் எரிந்தது. இரண்டையும் இப்போது வாங்குவதில்லை.

ஓட்ஸ் அப்படியல்ல. நுண்மையாக அரைத்த ஓட்ஸ் தோலைக் காக்கும் பொருள் என்று அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2003இல் ஏற்றுக்கொண்டது. அரிப்பைத் தணிக்கும் தன்மை அதற்கு உண்டு. மாவாக அரைத்து ஒரு கரண்டியை ஒரு குவளை நீரில் போட்டால் பால்போல் கலங்க வேண்டும். அடியில் தங்கினால் இன்னும் அரைக்க வேண்டும். 100 கிராம் மாவைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து தொட்டியில் போட்டு, அந்த முடிச்சைப் பிழிந்து பிழிந்து கைகளில் ஒற்றினேன். கெண்டைக்காலின் அரிப்பு அன்றிரவே அடங்கியது. விலையை எண்ணிப் பயற்றம்மாவிலும் அதே முடிச்சைக் கட்டிப் பார்த்தேன். பயறு அழுக்கை எடுக்கிறது, ஆனால் தோலை உலர்த்துகிறது. வறட்சிக்கு அது ஏற்றதல்ல.

ஒக்டோபர் இறுதியில் மாரி தொடங்கியதும் இன்னொரு இழப்பு. நிழலில் உலர்த்திப் போத்தலில் அடைத்திருந்த நொச்சியிலும் வேம்பிலும் சாம்பல் நிறப் பூஞ்சணம் படர்ந்துவிட்டது. மணத்தைப் பாதுகாக்க வெயிலைத் தவிர்த்தது சரிதான். ஆனால் காம்பு ஒடியும்போது சத்தம் கேட்கும்வரை காத்திருக்கவில்லை. முழுவதையும் எருக்குழியில் கொட்டினேன். தை மாதத்தில் மறுபடியும் சுளகில் பரப்பி ஒன்பது நாள் உலர்த்தியபோது 500 கிராம் பச்சை நொச்சி 120 கிராமாக வந்தது. இம்முறை காம்புகளையும் நீக்கிவிட்டதால் இன்றுவரை அது கெடவில்லை.

2025 சித்திரைப் புத்தாண்டன்று கோயிலில் தந்த மருத்துநீரைத் தலையில் வைத்தபோது ஒன்று உறைத்தது. தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, சுக்கு முதலியவை சேர்த்துக் காய்ச்சிய அந்த நீர் எப்போதும் ஒரு செம்பு அளவே. பஞ்சாங்கம் சொல்லும் இலையைத் தலையிலும் காலடியிலும் வைத்து, நீரை உடம்பில் பூசி, அதன் பிறகே கிணற்றில் தோய்கிறோம். கொஞ்சமாகக் காய்ச்சி, கெட்டியாகப் பூசி, பின்னர் நல்ல நீரில் குளிப்பது என்ற அந்த ஒழுங்கை அப்படியே எடுத்துக்கொண்டேன். இப்போது நொச்சிச் சாற்றின் முதல் இரண்டு லீற்றரைத் தனியே எடுத்து முழங்கை, கணுக்கால்களில் பூசிப் பத்து நிமிடம் இருந்துவிட்டு, மீதியைத் தொட்டியில் கலந்து உட்காருகிறேன். பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஊறுவதில்லை. எழுந்ததும் துவாயால் ஒற்றி, ஈரம் முழுவதும் போகுமுன் நல்லெண்ணெயை மெல்லியதாகத் தடவுகிறேன். எண்ணெய்க்கு உரிய இடம் தொட்டி அல்ல, இதுதான். படுக்கைக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக இதைச் செய்தால், உடம்பு சூடேறிப் பின் தணியும்போது உறக்கம் தானாக வருகிறது.

கடந்த வாரம் அக்காவுக்கு 70 கிராம் உலர்ந்த நொச்சி, 20 கிராம் வெட்டிவேர், ஓட்ஸ் முடிச்சு ஒன்று என ஒரு பொதி கட்டி இரவு பஸ்ஸில் அனுப்பினேன். முந்தநாள் தொலைபேசியில், "மணம் நல்லாய் இருந்தது, ஆனால் தண்ணி நிறமே மாறேல்லையே" என்றார். நான் அனுப்பியது என் 60 லீற்றர் தொட்டிக்கான அளவு; அவருடைய தொட்டி 150 லீற்றர் கொள்ளும் என்பதை மறந்துவிட்டேன். அடுத்த பொதிக்கு 180 கிராம் நொச்சி வேண்டும். வேலியில் தளிர்விட்ட கொப்புகளை நாளை காலை வெட்டி உலர்த்தப் போகிறேன்.