தாதர் டாக்சியும் பச்சைக் குடலும்

முதலில் அந்த டாக்சிக்காரரைத் திட்டிவிட்டு ஆரம்பிக்கிறேன். மும்பை தாதரில் இறங்கி அந்தேரி போக 700 ரூபாய். மீட்டர் போட்டிருந்தால் அதில் பாதிதான் வந்திருக்கும் என்றாள் சித்தி மகள். முதல் நாளே பட்ஜெட்டில் ஓட்டை.

மறுநாள் வெர்சோவா. மெட்ரோ, கோளிவாடா (கோளி மீனவர் குடியிருப்பு) என்று வரிசையாக எழுதத்தான் நினைத்தேன். ஆனால் அவள் போனில் லென்ஸ் மாட்டிக் காட்டிய ஒரு சொட்டு கடல்நீர் எல்லாவற்றையும் மறக்கடித்துவிட்டது. மீன்வளம் படிக்கிறாள். படகில் போய் மெல்லிய வலையால் அரித்து வந்த நீர் அது.

"அண்ணே, நெத்திக்கண்ணைப் பாருங்க."

அரிசிக் குருணையைவிடச் சின்ன உடம்பு, கண்ணாடி மாதிரி. தலையில் ஒற்றைச் சிவப்புப் புள்ளி, அதுதான் கண். இரண்டு பக்கமும் நீள மீசை. சட்டென்று ஒரு துள்ளல், அப்புறம் அசைவே இல்லை. கோப்பிபாட் என்கிற நுண்ணிய கடல் உயிரி. வாயருகே உள்ள உறுப்புகளை அடித்து நீரை இழுத்து, அதில் வரும் டயாட்டம் என்கிற நுண்பாசியைப் பிடித்துத் தின்னுமாம். குடல் பச்சையாகத் தெரிந்தது!

நம்ம குமரிப் பக்கம் மட்டும் சாளை (மத்தி மீன்) ஏன் அப்படிக் கொட்டுகிறது என்று கேட்டேன். விளக்கினாள். தென்மேற்குப் பருவத்தில் காற்று மேற்குக் கரையை ஒட்டித் தெற்கு நோக்கி வீசும். பூமி சுழல்வதால் மேல்நீர் கரையைவிட்டு விலகிப் போகும். அந்த இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த நீர் நைட்ரேட், பாஸ்பேட் உரத்தோடு ஏறும். டயாட்டம் சில நாளில் பெருகிவிடும். கோப்பிபாட் முட்டையிலிருந்து வளர வாரக்கணக்காகும். பந்தி முதலில், விருந்தாளி பிறகு. இரண்டையும் தின்னச் சாளை வரும். சோமாலியாக் கரையில் ஒரு வகை கோப்பிபாட், காற்று ஓய்ந்ததும் உடம்பில் எண்ணெய் சேர்த்துக்கொண்டு 500 மீட்டருக்கும் கீழே இறங்கி, அடுத்த பருவம்வரை சாப்பாடே இல்லாமல் கிடக்குமாம். செலவில்லாத வாழ்க்கை, பொறாமையாக இருந்தது.

குமரி, கேரளப் பக்கம் பலமாக இருக்கும் இந்த மேலேற்றம், கோவா தாண்டினால் பெயருக்குத்தான். வட அரபிக்கடலுக்கு உரம் வருவது பனிக்காலத்தில்: வறண்ட வடகிழக்குக் காற்றில் மேல்நீர் குளிர்ந்து, கனத்து, அமிழ்ந்து கலக்கும்போது.

மதியம் கோளி அம்மா ஒருவர் கையால் பொம்பில் மீன் வறுவல். வெளியே ரவை மொறுமொறு, உள்ளே வெண்ணெய். இரண்டு தட்டு 300 ரூபாய், ஒரு பைசா வருத்தமில்லை. சாளை கேட்டேன், அன்று இல்லை.

ராத்திரி அம்மாவிடம் டாக்சிக் கதையைச் சொன்னேன். "குளச்சல்ல சாளை மலிஞ்சு கெடக்கு. அந்தக் காசுக்குத் தெருவுக்கே கொழம்பு வச்சிருக்கலாம்லா" என்று போனை வைத்துவிட்டார்.