தண்ணிக்குள் விழுந்த இன்ஸ்பெக்டர்

என் பெரியம்மாவுக்கு இங்கிலிஷ் தெரியாது, படம் பார்க்கிற பழக்கமும் அவ்வளவாக இல்லை. ஆனால் 1964இல் வந்த ‘எ ஷொட் இன் த டார்க்’ என்ற இங்கிலிஷ் பகிடிப் படத்தை எத்தனை தரம் போட்டாலும் கதிரையை இழுத்துக்கொண்டு முன்னுக்கு வந்து இருந்துவிடுவார்.

போர் முடிந்து மீள்குடியேறி, கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சிக்கு வந்த புதிதில் எங்கள் வீடு என்றால் தகரக் கூரையும் தறப்பாளும்தான். பிறகு கரண்ட் வந்தது, ஒரு பழைய ரிவி வந்தது, மச்சான் வவுனியாவில் இருந்து கொண்டு வந்த டிவிடிக் கட்டுக்குள் இந்தப் படமும் எப்படியோ கலந்து வந்தது. சும்மா போட்டுப் பார்த்தோம். ஒரு மாளிகைக்கு முன்னால் கார் வந்து நிற்கிறது, கொலையை விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் குளூசோ மிடுக்காகக் காலை வெளியே வைக்கிறார், வைத்த இடம் நீர்த்தடாகம். பொதுக்கென்று உள்ளே. எழும்பி, ஒன்றுமே நடக்காதது போல விசாரணைக்குப் போகிறார்.

பெரியம்மா சிரித்த சிரிப்பு அடுத்த வளவுக்குக் கேட்டிருக்கும்.

விசாரணை என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு கனம் இருக்கிறது. அந்த நாட்களில் படலையடியில் மோட்டார் சைக்கிள் நின்று, கொப்பியும் பேனையுமாக இரண்டு பேர் இறங்கினால் வீட்டில் ஒருவரும் பலத்துக் கதைக்க மாட்டார்கள். எத்தனை பேர் இருக்கிறீர்கள், முன்னம் எங்கே இருந்தீர்கள், போன முறை கேட்ட அதே கேள்விகள்தான். பெரியம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வாசலுக்குப் போவார், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார், அவர்கள் போன பிறகும் தேத்தண்ணிக் கேத்திலைக் கையில் பிடித்தபடி அடுப்படியில் கனநேரம் நிற்பார். கேள்வி கேட்க வந்த ஒரு ஆளைப் பார்த்து அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் அந்தப் படத்தில்தான் முதன்முதலாகக் கண்டேன்.

எனக்கு இந்தத் தடுமாறும் துப்பறிவாளர்களைப் பிடித்ததே அதனால்தான் என்று நினைக்கிறேன். கெட்டிக்காரத் துப்பறிவாளன் ஒருவன் வீட்டுக்குள் வந்தால் அங்கே இருக்கிற எல்லாரும் சந்தேக நபர்கள் ஆகிவிடுகிறார்கள், செருப்பில் ஒட்டிய மண்கூடச் சாட்சி சொல்லத் தொடங்கிவிடும். குளூசோ வந்தால் பயப்பட வேண்டியவை தளபாடங்கள் மட்டும்தான். பில்லியர்ட்ஸ் மேசைத் துணி கிழியும். 1976இல் வந்த இன்னொரு குளூசோ படத்தில், வேலையாட்களை வரிசையாக வைத்து விசாரிக்கும்போது விலைமதிப்பில்லாத ஒரு பியானோவையே உடைத்துப் போடுவார். அப்போதும் முகத்தில் கடமை தவிர வேறொன்றும் இருக்காது.

அந்த முகம் பீட்டர் செல்லர்ஸின் முகம். 1963இல் வந்த முதல் குளூசோ படமான ‘த பிங்க் பாந்தர்’இல் குளூசோ கதாநாயகனே இல்லை, முன்னணி நட்சத்திரம் டேவிட் நிவன். ஆனால் பார்த்தவர்கள் மனதில் நின்றது செல்லர்ஸ்தான். அடுத்த வருடமே இயக்குநர் பிளேக் எட்வர்ட்ஸ் ஒரு மேடை நாடகக் கதைக்குள் குளூசோவைக் கொண்டு வந்து வைத்தார், பெரியம்மாவின் படம் அப்படிப் பிறந்தது. 1980இல் 54 வயதில் செல்லர்ஸ் போய்விட்டார். பிறகு வேறு ஆட்களும் அந்தப் பாத்திரத்தில் நடித்தார்கள், எனக்கு ஒட்டவில்லை.

எங்கள் வடிவேலு அடி வாங்கினால் அந்த வலியை முகம் முழுக்கக் காட்டுவார், அழுவார், புலம்புவார், நாங்கள் சிரித்துக்கொண்டே ‘பாவம்’ என்போம். செல்லர்ஸ் வலியை மறைக்கிறார். விழுந்ததை ஒருவரும் காணவில்லை என்பது போல உடனே அடுத்த கேள்வியைக் கேட்பார், அந்த ஒரு கணத்துக்காகத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

ஆனால் பெரியம்மா பிடித்துக்கொண்டது வேறு ஒன்றை. படத்தில் மரியா என்று ஒரு வேலைக்காரப் பெண். கொலை நடக்கிற இடத்தில் எல்லாம் கையும் களவுமாக நிற்பாள். எல்லாரும் அவள்தான் கொலைகாரி என்கிறார்கள், மேலதிகாரிக்குக் கோபத்தில் கண் துடிக்கிறது, குளூசோ மட்டும் இவள் செய்யவில்லை என்று சொல்லிச் சொல்லி வெளியே விடுகிறார். ஆதாரம் ஒன்றும் கிடையாது, அவள் மேல் வந்த விருப்பம்தான். கடைசியில் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. அத்தனை கெட்டிக்காரரும் பிழை, விழுந்தெழும்பியவர் சரி. அதை நான் முதல் தரம் தமிழில் சொல்லி விளங்கப்படுத்தியபோது பெரியம்மா, “நல்ல மனுசன்” என்றார்.

போன கிழமையும் போட்டோம். இப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரியாது, சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். பாதியில் நித்திரையாகிவிட்டார். படம் முடிந்து ரிவியை நிற்பாட்டப் போனபோது கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“தம்பி, அந்தப் பெட்டையை விட்டிட்டானோ?”

“விட்டிட்டான் பெரியம்மா.”