ஃப்ரீஸ்லாந்துல ஃபெம்கேவோட இன்ஸ்பெக்‌ஷன்

நெதர்லாந்து போறேன்னாலே டியூலிப் பாத்தியா, காத்தாடி மில் பாத்தியான்னு தான் கேப்பாங்க. நான் இந்த வாட்டி போனது வடக்க இருக்கற ஃப்ரீஸ்லாந்துக்கு, அதுவும் ஒரு குதிரைக்காக. ஸ்வோலேல இருந்து லேவார்டன் போற ட்ரெயின்ல ஏறி ஹேரன்ஃபேன்ல இறங்கணும். வழி பூரா மேடுன்னு ஒண்ணு கண்ணுல படாது, தட்டையா புல்லு, நடுவுல வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மறுபடி புல்லு, அங்கங்க கூம்பா உசந்த கூரை போட்ட பெரிய பண்ணை வீடு. ஆபீஸ்ல என்கூட வேலை பாக்கற பையனோட அம்மா அங்க ஃப்ரீசியன் குதிரை வளக்கறாங்க. மூணு வயசு ஃபெம்கேவ இன்ஸ்பெக்‌ஷனுக்கு ரெடி பண்ணிட்டு இருக்கேன், லீவு இருந்தா வா, கைக்கு ஆள் வேணும்னு கூப்பிட்டாங்க. அதுக்கு முன்னாடி நான் குதிரை பக்கத்துல நின்னது பீச்சுல போட்டோ எடுக்க மட்டும் தான்.

இன்ஸ்பெக்‌ஷன்னா என்னன்னு சொல்லிடறேன். இந்த இனத்துக்கு கேஎஃப்பிஎஸ்னு ஒரு சங்கம் இருக்கு, 1879ல ஆரம்பிச்சது, பரம்பரைப் பதிவேடு அவங்க கையில தான். குட்டியா இருக்கறப்ப பேர் குட்டிங்களுக்கான புக்ல ஏறும். மூணு வயசானப்புறம் ஜட்ஜுங்க முன்னாடி நின்னு, நடந்து, ஓடிக் காட்டினா தான் பெரிய பதிவேடு. அதுல தேறினதுல நல்லதா இருந்தா 'ஸ்டெர்' பட்டம், அதுக்கு மேல க்ரோன், மாடல்னு போகும். எதுக்கு இவ்ளோ கெடுபிடின்னு எனக்கும் தோணுச்சு. 1913ல இனப்பெருக்கத்துக்குன்னு பதிவேட்டுல மிச்சம் இருந்தது மூணே மூணு ஆண் குதிரை. ஆக இன்னிக்கு இருக்கற ஃப்ரீசியன் எல்லாமே ஒண்ணுக்கொண்ணு சொந்தம். குள்ளமா பொறக்கறது, தலையில தண்ணி கோத்துப் பொறக்கறதுன்னு பரம்பரைக் கோளாறு சிலது கூடவே வருது, அதுக்கெல்லாம் இப்ப ஜீன் டெஸ்ட் பண்ணிடறாங்க. எந்தப் பெட்டை குட்டி போடலாம்னு பாத்துப் பாத்து செலக்ட் பண்றதுல தப்பே சொல்ல முடியாது.

போன அன்னிக்கு நான் பாத்ததே வேற. பகல்ல வெயில் நல்லா அடிக்குது, ஃபெம்கே லாயத்துக்குள்ள நிக்குது, வெளிய விடறதே பொழுது சாஞ்சப்புறம் தான். ஃப்ரீசியன்னா கருப்பு, நெத்தியில சின்னதா ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும் இருக்கலாம், வேற எங்கயும் வெள்ளை கூடாது. ஆனா அந்தக் கருப்பு வெயிலும் வேர்வையும் பட்டா செம்பட்டை ஆயிடும். வேலை முடிஞ்சா உடனே தண்ணி ஊத்தி வேர்வை உப்பக் கழுவணும், முதுகுல மெல்லிசா ஒரு துணி போடணும்.

பிடரி மயிரு கழுத்துக்குக் கீழ வரைக்கும் தொங்கும், அதை வெட்டவே கூடாது. தனித்தனியா லூஸா பின்னி விட்டுட்டு அன்னிக்குக் காலைல தான் அவிழ்த்து விடுவாங்க. கால்ல குளம்ப மூடற மாதிரி ஒரு கத்தை முடி இருக்குல்ல, பாக்க கம்பீரமா இருக்கு, ஆனா வேலை வாங்கறது அது தான். உள்ள ஈரம் தங்கினா தோல் வெடிச்சுப் புண்ணாகும், பொடிப் பூச்சி குடியேறி அரிப்பு எடுத்து காலத் தரையில தட்டிக்கிட்டே இருக்கும். அதனால கழுவறதோட விடாம, ஒவ்வொரு காலா தூக்கி வச்சு, முடியப் பிரிச்சு உள்தோல் வரைக்கும் துண்டால ஒத்தி எடுக்கணும். இது என் டிபார்ட்மெண்ட் ஆயிடுச்சு. அறுநூறு கிலோவுக்குப் பக்கத்துல இருக்கற ஒரு ஜீவன் தன் கால என் மடியில வச்சுட்டு தூங்கி வழியறது தனி அனுபவம் தான், எடுத்து வச்ச கால அப்பப்ப முழு வெயிட்டோட சாச்சுடும், அன்னிக்கு ராத்திரி இடுப்ப நிமித்தவே முடியல.

நான் நெனச்சது என்னன்னா, இந்தக் குளியல், பின்னல், பாலிஷ் எல்லாம் தான் 'ரெடி பண்றது'. அந்தம்மா அதையெல்லாம் மதிக்கவே இல்ல. மார்க்குல உடம்பு அமைப்புக்கு நாப்பது சதவீதம், அசைவுக்கு அறுபது. "முடியப் பாத்து ஊர் ஜனம் மயங்கும், ஜட்ஜ் காலப் பாப்பாரு"ன்னாங்க.

அசைவுலயும் ஓட்டத்த விட நடை தான் கஷ்டமாம். இது எனக்குப் புதுசு. ட்ராட்னு சொல்ற துள்ளல் ஓட்டத்துல குதிரை கொஞ்சம் சூடானா கூட பரவால்ல, அந்த வேகமே தூக்கி விடும். நடைய அப்படி ஏத்தி விட முடியாது. பயமோ பரபரப்போ வந்துச்சுன்னா முதுகு இறுகிடும், அடி சின்னதாகும், நடக்கவும் இல்லாம ஓடவும் இல்லாம தத்தும். இதை எனக்கு மணல்ல காட்டினாங்க. ஓட்டற மைதானத்து மணல வாரியால சமமா இழுத்து விட்டு ஃபெம்கேவ அது மேல நடத்திட்டு வந்தாங்க. முன்னங்கால் பதிஞ்ச குளம்புத் தடத்தத் தாண்டி ஒரு ஜாணுக்கு மேல முன்னாடி போய் பின்னங்கால் விழுந்திருக்கு. அப்புறம் பக்கத்துல நான் ஒரு பிளாஸ்டிக் கவர சரசரன்னு ஆட்டினேன், மறுபடி நடத்தினாங்க. இப்ப பின்னங்கால் முன்னங்கால் தடத்து மேலயே விழுது, சில இடத்துல அதுக்கும் பின்னாடி. அதே குதிரை, அதே கால் தான். அந்த ஜாண் தான் மார்க்.

அதனால அவங்க ட்ரெயினிங்ல பாதி நேரம் சும்மா ஊர் சுத்தறது தான். ட்ராக்டர் போற ரோட்டோரம், சைக்கிள் கூட்டம் வர்ற பாதை, பாலம், கொடி படபடக்கற இடம், ட்ரெய்லர்ல ஏத்தி வேற பண்ணைக்குக் கொண்டு போய் அங்க ஒரு ரவுண்டு நடத்தி மறுபடி ஏத்திட்டு வர்றது. ட்ராட் ஓட்டம் கொஞ்ச நேரம் தான், அதுவும் தினமும் கிடையாது. மூணு வயசுல பாக்க பெரிய குதிரையா தெரியும், ஆனா முதுகெலும்பு முழுசா வளர்ந்து முடிய அஞ்சாறு வயசு ஆகும், இப்பவே போட்டு விரட்டினா மூட்டு போயிடும். வட்டமா சுத்த விடறதும் கம்மி தான். அதே மாதிரி ஊட்டி ஊட்டி குண்டாக்கி பளபளன்னு காட்டற ஆளுங்களும் உண்டாம், கொழுப்பு ஏறினா மூச்சு வாங்கும், ட்ராட்ல அந்தரத்துல ஒரு நொடி நிக்கற மாதிரி தெரியணும்ல, அது வரவே வராது. குளம்பு சீவறதும் முன்கூட்டியே முடிச்சாச்சு, சீவினவுடனே சில குதிரை கால ஊணத் தயங்கும்.

இதுல கூட ஓடற மனுசனுக்கும் மார்க் இருக்கணும்னு நெனக்கிறேன். வெள்ளை பேண்ட், வெள்ளை சட்டை போட்டு ஒருத்தர் கடிவாளத்தப் பிடிச்சு தோளுக்குப் பக்கமா ஓடுவாரு, பின்னாடி இன்னொருத்தர் சாட்டையோட. சாட்டை அடிக்க இல்ல, வர்றேன்னு ஞாபகப்படுத்த. முன்னாடி ஓடறவர் தலையத் தன் பக்கம் இழுத்தா குதிரை கோணலாயிடும், மெதுவா ஓடினா குதிரை அடிய சுருக்கிக்கும். அந்தம்மா இதுக்குன்னே பழக்கமான ஒரு ஆள ஏற்பாடு பண்ணியிருந்தாங்க, கால் நீளமா, அம்பது வயசு இருக்கும், மூச்சே வாங்கல. நான் ஒரு தடவை கூட ஓடிப் பாத்தேன், அதப் பத்தி மேல பேச வேணாம்.

இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு காலைலயே பாஸ்போர்ட் சரிபாத்து, கழுத்துல இருக்கற சிப்ப ஸ்கேன் பண்ணி, உயரம் அளந்தாங்க. ஸ்டெர் வேணும்னா 1.58 மீட்டர் இருக்கணும், நம்ம ஆளு தாண்டிடுச்சு. வரிசைல நிக்கற குதிரை எல்லாம் கருப்பு, எது நம்மளோடதுன்னு எனக்கு ஒரு நிமிஷம் தெரியல. முதல்ல ஜட்ஜுங்க முன்னாடி இடது பக்கம் தெரியற மாதிரி நிறுத்தணும், அவங்க பக்கத்து கால் ரெண்டும் விரிச்சு, அந்தப் பக்கக் கால் ரெண்டும் உள்ள, அப்ப தான் நாலும் தெரியும். வீட்ல அழகா நின்ன ஃபெம்கே இங்க காதத் திருப்பித் திருப்பி ஸ்பீக்கரப் பாத்துச்சு. ஓடற ஆள் அவசரப்படல, ஒரு சின்ன வட்டம் சுத்திட்டு வந்து மறுபடி நிறுத்தினாரு, நின்னுச்சு.

அப்புறம் முக்கோணமா நடை. நான் கண்ண எடுக்காம மணலையே பாத்துட்டு இருந்தேன். முதல் பக்கம் அடி சின்னது தான். ரெண்டாவது பக்கம் திரும்பினப்புறம் தலைய இறக்கிச்சு, பின்னங்கால் நீள ஆரம்பிச்சுச்சு, பக்கத்துல நின்ன அந்தம்மா என் கைய கெட்டியா பிடிச்சுக்கிட்டாங்க. ட்ராட் நல்லா தான் போச்சு, சத்தம் பிரமாதமா இருந்துச்சு, கூட்டம் கை தட்டுச்சு, எனக்கு முதல் பரிசே நமக்கு தான்னு தோணுச்சு.

ஜட்ஜ் மைக்க எடுத்து எல்லார் முன்னாடியும் விளக்கம் சொன்னாரு. இனத்துக்கு ஏத்த அழகு இருக்கு, நடை தாராளம், ட்ராட்ல முன்னங்கால் தூக்கற அளவுக்கு பின்னங்கால் உடம்புக்கு அடியில வந்து தள்ளல. ஸ்டெர் உண்டு, பிரீமியம்னு தர்ற தரத்துல ரெண்டாவது. முதலாவதுக்கு தான் ஆரஞ்சு ரிப்பன். எனக்கு கொஞ்சம் சப்புன்னு ஆச்சு. அந்தம்மாவுக்கு அந்த 'நடை தாராளம்'கற வார்த்தையே போதும், பின்னங்கால் விஷயம் அவரு சொல்லாட்டியும் எனக்குத் தெரியும்னாங்க.

அன்னிக்கு ராத்திரியே லேப்டாப்பத் திறந்து ஆண் குதிரை லிஸ்ட் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. பின்னங்கால் நல்லா தள்ளற அப்பாவா இருக்கணும், ஃபெம்கேவோட உறவு சதவீதமும் கம்மியா இருக்கணும். ஒண்ணு அமைஞ்சா இன்னொண்ணு இடிக்குது, எவனத் தொட்டாலும் எங்கயோ தாத்தா வழியில சொந்தமாத் தான் வர்றான். ஜனவரில லேவார்டன்ல ஆண் குதிரைங்களோட ஷோ நடக்கும், நேர்ல நடைய பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம்னு விட்டுட்டாங்க. என்னையும் வரச் சொல்லியிருக்காங்க, குளிருக்கு நல்ல ஷூ ஒண்ணு வாங்கணும்.